இரத்மலானை வேலைக்கு நீ விண்ணப்பிக்க வேண்டும்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து ஆறுதலடைந்தேன். ஆனால், இரத்மலானைத் தொழிற்சாலை, இயந்திரத்தை இயக்கும் கணினியான சீமென்ஸ் கொன்ட்ரோலில் அனுபவம் கேட்பதால் விண்ணப்பிக்கத் தயங்குவதாக நீ எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஃபனக் நிறுவனத்தின் கொன்ட்ரோல் பொருத்திய சி.என்.சி. லேத்தில், அதாவது கணினி இயக்கும் கடைசல் இயந்திரத்தில், நின்றவன் நீ.

50 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரும்பை நிமிடத்துக்கு 100 மீற்றர் வெட்டுவேகத்தில் கடைவதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 637 சுற்று வேண்டும் என்ற கணக்கும், மைக்ரோமீற்றர் பிடிக்கும் கைப்பக்குவமும், டூலை நகர்த்தும் ஜி 00, ஜி 01 போன்ற அடிப்படைக் கட்டளைகளும் இரண்டிலும் ஒன்றே. எழுதும் முறைதான் மாறுகிறது. நீ ரி 0101 என்று டூலையும் அதன் அளவுத் திருத்தமான ஒஃப்செற்றையும் சேர்த்து அழைப்பதை அங்கே ரி 1, டி 1 என்று பிரித்து எழுதுவார்கள்.

ஆனாலும் தெரியாததைத் தெரியும் என்று எழுதிவிடாதே. கொழும்புக்கு வந்த புதிதில் நான் அப்படித்தான் எழுதி ஒரு வேலையில் சேர்ந்தேன். வெட்டுவேகத்தை மாறாமல் வைக்கும் ஜி 96இல் ஒரு வார்ப்பின் முகத்தைக் கடையும்போது, டூல் மையத்தை நெருங்க நெருங்கச் சுழற்சி ஏறிக்கொண்டே போகும் என்பதும், அதற்கு உச்சவரம்பு கொடுக்க வேண்டும் என்பதும் எனக்கு நன்றாகவே தெரியும். ஃபனக்கில் அதற்கு ஜி 50 எழுதுவோம். சீமென்ஸில் லிம்ஸ் என்று எழுத வேண்டும். அந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று கையெழுத்திட்டவன் எந்த முகத்தோடு கேட்பது என்ற வெட்கத்தில் வரம்பே கொடுக்காமல் ஓட்டினேன். வார்ப்பு, அதைப் பிடித்திருந்த சக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு கதவில் மோதியது. கதவு மூடியிருந்ததால்தான் இன்று உனக்கு இதை எழுதுகிறேன்.

ஆகவே விண்ணப்பத்தின் முதற்பந்தியிலேயே, ஃபனக்கில் பன்னிரண்டு ஆண்டுகள் என்றும், சீமென்ஸில் இதுவரை வேலை செய்ததில்லை, இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன் என்றும் எழுது. நேர்முகப் பரீட்சையில், புதிய புரோகிராமின் முதல் உருப்படியைச் வரிக்கு வரி நின்று ஓடும் சிங்கிள் புளொக்கில், டூல் நகரும் வேகமான ஃபீட்டைக் குறைத்து, கையை நிறுத்தும் பொத்தானருகே வைத்து ஓட்டுவேன் என்று சொல். நூறாயிரம் ரூபாய் பெறுமதியான டூலை உன்னிடம் ஒப்படைப்பவர்கள் கேட்க விரும்புவது அதைத்தான். நீ கடைந்த தண்டுகளின் படங்களைக் கொண்டு வா. வாடிக்கையாளரின் வரைபடங்களை மட்டும் கொண்டு வராதே, அவை உன்னுடையவை அல்ல.

உன்னிடம் சான்றிதழ் இல்லை என்பது உண்மை. முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவில் இருக்கிறது; அதை அடுத்ததாகப் பார்ப்போம்.

நேர்முகப் பரீட்சைக்கு மூன்று நாள் முன்னதாகவே யாழ்தேவி ரயிலில் வந்து எங்கள் வீட்டில் தங்கு. இங்கிருந்து 101 பஸ் நேரே இரத்மலானைக்குப் போகும். சீமென்ஸ் கொன்ட்ரோலைத் திரையில் அப்படியே காட்டும் பயிற்சி மென்பொருளைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். இரவுகளில் இருவரும் அமர்ந்து, உன் பழைய புரோகிராம்களை ஒவ்வொரு வரியாக அதில் மாற்றி எழுதலாம்.

அன்புடன்,
உன் நண்பன்