சீட்டுக்கு அடியில் ஒரு மைக் செட்

கேட்டி, டெக்சாஸ்
ஞாயிறு இரவு

அண்ணே,

நான் நலம். அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? அம்மாவை முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொல், நான் ஃபோனில் சொன்னால் சரி சரி என்கிறாள், அதோடு மறந்துவிடுகிறாள்.

போன வாரம் வீடியோவில் வண்டியைக் காட்டியதும் "என்னடா, குட்டி லாரி வாங்கியிருக்கிறாய்" என்று சிரித்தாயே, இந்த ஊரில் பாதிப் பேர் அந்தக் குட்டி லாரியில்தான் ஆபீசுக்குப் போகிறார்கள். ஃபோர்டு எஃப் வரிசைதான் 1977 முதல் இந்த நாட்டில் அதிகம் விற்கும் பிக்கப். என்னுடையது 2018 எஃப்-150, செகண்ட் ஹேண்ட், நாலு கதவு. காலையில் ஐம்பது நிமிடம், சாயங்காலம் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல், அவ்வளவு நேரமும் நான் ஒருத்தன்தான். பக்கத்தில் அத்தனை வண்டி போகும், ஒருத்தரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். இரண்டு வருஷமாகியும் இந்த அமைதி எனக்குப் பழகவில்லை. மைக் செட் வாடகைக்கு விடுகிற நம் வீட்டில், தலைமாட்டில் ஆம்ப்ளிஃபையர் ஹம்மிங்கைக் கேட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தவனுக்கு எப்படிப் பழகும்?

அதனால்தான் வண்டிக்கு சப்வூஃபர், அதாவது பேஸ் என்கிற கீழ்ச் சத்தத்துக்கு மட்டுமே ஆன ஸ்பீக்கர், வைத்துவிட்டேன். எவ்வளவு ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலிலேயே சொன்னால் மேலே படிக்க மாட்டாய்.

முதலில் ஏமாந்த கதை. இணையத்தில் ஒரு ஆம்ப், அட்டைப்பெட்டி முழுக்க 2000 வாட் 2000 வாட் என்று போட்டிருந்தது, விலை 90 டாலர். வாங்கிவிட்டேன். வந்ததும் பிரித்து, நீ சொல்லிக்கொடுத்தபடி முதலில் ஃப்யூஸைப் பார்த்தேன். 30 ஆம்பியர், ஒன்றே ஒன்று. வண்டியில் எஞ்சின் ஓடும்போது இருப்பது 14 வோல்ட். பெருக்கிப் பார், உள்ளே போவதே 420 வாட். அதில் வீணாவது போக வெளியே வருவது அதிகம் போனால் 340. மிச்சம் 1660 வாட் அந்த அட்டைப்பெட்டியில் மட்டும்தான் இருந்தது! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இங்கே வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது நம் ஊர் மாதிரி சண்டை இல்லை. திரும்பப் பெட்டியில் போட்டு அனுப்பினேன், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, பணம் வந்துவிட்டது. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஆர்எம்எஸ், அதாவது விடாமல் தொடர்ந்து தருகிற வாட், என்று எழுதியிருப்பதை மட்டும்தான் படித்தேன். 'மேக்ஸ்', 'பீக்' என்பதெல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து போகிற கணக்கு. இங்கே சிடிஏ-2006 என்று ஒரு அளவுமுறை இருக்கிறது, 14.4 வோல்ட்டில், 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு, சத்தம் சிதைகிற டிஸ்டார்ஷன் ஒரு சதவீதத்துக்குள் இருக்கும்படி எவ்வளவு வாட் தருகிறது என்று அளப்பது. அந்த முத்திரை இருந்தால் எண்ணை நம்பலாம்.

அடுத்து எத்தனை வாட் வேண்டும் என்ற கேள்வி. இதில் நாம் ஊரில் படித்தது முழுக்கத் தலைகீழ் அண்ணே. நமக்கு எப்போதும் திறந்த திடல். சத்தம் நாலா பக்கமும் ஓடிவிடும், தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போய்விடும், அதனால்தான் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறோம். குழாய்க்கு ஒரு வாட் கொடுத்தாலே தெரு முனை வரை கேட்கும். சப்வூஃபர் அப்படியில்லை, அது பெரிய சோம்பேறி, கொடுக்கிற கரண்டில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சூடாக்கி வைத்துக்கொண்டு துளியூண்டு சத்தம் தரும். ஆனால் வண்டிக்குள் சத்தம் ஓடுவதற்கு இடமே இல்லை. 30 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை 11 மீட்டருக்கு மேல் நீளம், கேபின் அதில் கால்வாசிகூட இல்லை. அலை உருளாது, சைக்கிள் பம்பு மாதிரி காற்றை மொத்தமாக அமுக்கி விடும். அதனால் கீழே போகப் போகக் கேபினே பேஸைத் தூக்கிக் கொடுக்கிறது. திடலில் இரண்டாயிரம் வாட் வைத்தும் வராத அடி, கதவைச் சாத்திய வண்டிக்குள் ஐந்நூறிலேயே நெஞ்சில் விழுகிறது. ஆயிரமாக்கினால்? வெறும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். 500 ஆர்எம்எஸ் போதும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வாட்டைவிடப் பெரிய பிரச்சினை இடம். காரில் டிக்கி இருக்கும். பிக்கப்பில் பின்னால் இருப்பது மழையில் நனைகிற தொட்டி. பின் சீட்டுக்கு அடியிலும் முதுகுக்குப் பின்னாலும் இருக்கிற சந்துதான் மிச்சம். சாதாரண 12 இன்ச் சப்வூஃபருக்கு ஆழம் மட்டும் ஆறேழு இன்ச் வேண்டும், சீட்டுக்கு அடியில் அதற்கு வழியே இல்லை. இதற்கென்றே 'ஷாலோ' என்று தட்டையான ரகம் செய்கிறார்கள், மூன்றரை நாலு இன்ச் ஆழத்தில் முடிந்துவிடும். ஓக்லஹோமாவில் ஸ்டில்வாட்டர் என்ற ஊரில் இருக்கும் கிக்கர் கம்பெனி 1973இல் தொடங்கியது, பிக்கப் சீட்டுக்குப் பின்னால் நுழைகிற பெட்டி செய்துதான் பேர் வாங்கினார்கள். ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட், ஜேஎல் ஆடியோ என்று இன்னும் உண்டு. ஜேஎல்லை 2023இல் கார்மின் வாங்கிவிட்டது, ஜிபிஎஸ் செய்வார்களே, அதே கார்மின். ஜேஎல் காதுக்கு அருமை, பர்சுக்கு ஆகாது.

பெட்டியில்தான் மனசு ரொம்ப நாள் ஊசலாடியது. அப்பா செய்த பெட்டி எல்லாம் முன்னால் ஓட்டை வைத்தது. இங்கே அதை போர்ட்டட் என்கிறார்கள். ட்யூன் செய்த சுருதியில் அடி பலமாக இருக்கும், ஆனால் ஒரு 12 இன்ச்சுக்கு இரண்டு கன அடி வரை இடம் கேட்கும், அந்தச் சுருதிக்குக் கீழே போனால் ஸ்பீக்கரின் கூம்பான கோனுக்குப் பிடிமானம் இல்லாமல் தறிகெட்டு ஆடும். ஓட்டையே இல்லாத சீல்டு பெட்டி என்றால் 10 இன்ச் தட்டை ரகத்துக்கு அரை கன அடியே போதும். ஹாஃப்மன் விதி என்று ஒன்று சொல்வார்கள்: சின்னப் பெட்டி, கீழ் சுருதி, குறைந்த வாட்டில் அதிக சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். நான் முதல் இரண்டை எடுத்துக்கொண்டேன், மூன்றாவதுக்கு ஆம்ப் கூலி கொடுக்கிறது. இரண்டு 10 இன்ச், சீல்டு, தரையைப் பார்த்துக் கவிழ்த்து வைத்தது. அப்பா இருந்திருந்தால் "ஓட்டை இல்லாத பெட்டியா?" என்று கேட்டு என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

ஓம் கணக்கு உனக்குச் சொல்லத் தேவையில்லை. 16 ஓம் யூனிட் நாலைப் பேரலலில் போட்டால் 4, அதே கதைதான். இரண்டும் 4 ஓம், பேரலலில் 2 ஓம், ஆம்ப் 2 ஓம்மில் 500 வாட். ஒரே கோனுக்கு இரண்டு காயில் வைத்த ரகமும் உண்டு, கடைக்காரர் அதை வாங்கி 1 ஓம்முக்கு இறக்கினால் இன்னும் கத்தும் என்றார். 1 ஓம் தாங்காத ஆம்பில் அப்படிக் கட்டினால் என்ன ஆகும் என்று மாரியம்மன் கோயில் திருவிழாவில் நீ ஒருதரம் காட்டியிருக்கிறாய், புகை வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. வேண்டாம் என்றுவிட்டேன்.

மாட்டியது நானும் என்கூட வேலை பார்க்கிற மெக்சிகோக்காரர் ஒருவரும். பிக்கப்பை அவர் 'ட்ரோக்கா' என்பார். அவருடைய மச்சானும் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறவர், பாக்கியை வசூலிக்க அலைவதும் நம்மைப் போலவேதான்! பாட்டரியிலிருந்து 4 கேஜ் தடிமனில் கேபிள், பாட்டரிக்கு 18 இன்ச்சுக்குள் 60 ஆம்பியர் ஃப்யூஸ். செப்புக் கம்பி என்று சொல்லி அலுமினியத்தின் மேல் செப்புப் பூசியதை விற்கிறார்கள், சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும், அதை வாங்கவில்லை. கம்பெனி ஸ்டீரியோவில்தான் பின்பக்கக் கேமராவும் ஓடுகிறது, அதனால் அதைக் கழற்றாமல் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுத்தோம்.

போட்டதும் பாட்டுக்குப் பின்னால் ஊய்ய்ங் என்று ஒரு சத்தம், ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறது. எர்த்! எனக்குத் தெரியும், ஆனால் எங்கே தப்பு என்று இரண்டு நாள் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால், இந்த வண்டிக்கு 2015 மாடலிலிருந்து பாடி அலுமினியம். பெயிண்டைச் சுரண்டி ஸ்க்ரூ போட்டால் எர்த் கிடைத்துவிடும் என்பது இரும்பு வண்டிக்கு. கம்பெனியே எர்த்துக்கென்று வைத்திருக்கிற போல்ட்டுக்கு மாற்றினேன், சத்தம் நின்றது. நின்ற அந்த நிமிஷம் உனக்கு ஃபோன் பண்ண நினைத்தேன், அங்கே விடிகாலை மூன்று மணி.

சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கிற கெயினை மீட்டர் வைத்துத்தான் திருகினேன். 500ஐ 2ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 31.6 வோல்ட், அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட விடவில்லை. 80 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிட்டேன். முதல் நாள் பின்னால் நம்பர் பிளேட் கடகடவென்று ஆடியது, ரப்பர் வைத்தேன்.

நான் இங்கே ஒன்றும் பெரிய ஆளில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஹூஸ்டனில் 'ஸ்லாப்' என்று ஒரு கூட்டம், பழைய கேடிலாக்கை மிட்டாய் நிறத்தில் பெயிண்ட் அடித்து, சக்கரத்திலிருந்து கம்பி முழங்கை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, டிக்கியைத் திறந்து வைத்து ஊர்ந்து போவார்கள். 1990களில் டிஜே ஸ்க்ரூ என்ற ஹூஸ்டன்காரர் பாட்டை வேகம் குறைத்து ஓடவிடுவதை ஒரு பாணியாகவே ஆக்கினார், 2000இல் இறந்துவிட்டார். வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும், அதைக் கேட்க சப்வூஃபர் இல்லாமல் முடியாது. சிக்னலில் அப்படி ஒரு வண்டி பக்கத்தில் நின்றால் என் கண்ணாடி நடுங்குகிறது. பேட்டரி தீர்ந்த டேப் ரெக்கார்டர் மாதிரி இருக்கிறது என்று முதலில் சிரித்தேன், இப்போது பிடித்துவிட்டது.

செலவு எல்லாம் சேர்த்து 660 டாலர். ரூபாயில் பெருக்காதே. பெருக்கிவிட்டாய், தெரியும். அண்ணியிடம் சொல்லாதே.

ஒரு வேலை செய். பங்குனித் திருவிழாவில் மேளம் வரும்போது தவிலில் கீழ்ச் சத்தம் வருகிற தொப்பிப் பக்கம் தனி மைக் வைத்து, மிக்சரில் பென்டிரைவ் போட்டு எடு. ஃபோனில் எடுக்காதே, கீழ்ச் சத்தம் வராது. வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பு. பத்து நிமிஷமாவது வேண்டும், எனக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் இருக்கிறது.

அன்புடன்,
தம்பி