ஹைட்ரஜன் காருக்கு மூன்று மடங்கு மின்சாரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹைட்ரஜன் கார்தான் அடுத்த தலைமுறை வாகனம் என்று பேசுகிறவர்கள், அந்த ஹைட்ரஜனைத் தயாரிக்க எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதைச் சொல்வதே இல்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அதை 700 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு) தொட்டியில் அடைக்க இன்னும் சில யூனிட். காரில் உள்ள எரிபொருள் மின்கலம் அதைத் திரும்ப மின்சாரமாக்கும்போது ஏறக்குறைய பாதி வெப்பமாகவே போய்விடும். கடைசியில் டொயோட்டா மிராய் போன்ற கார் ஒரு கிலோவில் ஓடுவது சுமார் 100 கி.மீ. இப்படி மொத்தமாகச் செலவாகும் சுமார் 55 யூனிட்டை நேராக பேட்டரியில் ஏற்றினால், சார்ஜிங் இழப்பு போக, நடுத்தர மின்சாரக் கார் 300 கி.மீ. வரை போகும். வகுப்பில் மின்னாற்பகுப்பு (மின்சாரத்தால் நீரைப் பிரிப்பது) செய்து காட்டும்போது முகவையின் வெளிப்புறம் வெதுவெதுப்பாகும். கொடுத்த மின்சாரத்தில் ஒரு பங்கு இப்படித்தான் வீணாகிறது என்று மாணவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம் என்பது உண்மைதான். நிரப்ப நிலையம் வேண்டுமே! கலிபோர்னியாவிலேயே ஷெல் நிறுவனம் 2024-ல் தன் ஹைட்ரஜன் கார் நிலையங்களை மூடிவிட்டது.

சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் தயாரிப்பதுதான் பசுமை ஹைட்ரஜன். அதற்கான தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அரசு 2023-ல் ரூ.19,744 கோடி ஒதுக்கியதை நான் குறை சொல்லவில்லை. உரத்துக்கான அமோனியாவும் எண்ணெய் சுத்திகரிப்பும் ஹைட்ரஜன் இல்லாமல் நடக்காது. இன்று அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் வருகிறது. பசுமை ஹைட்ரஜன் முதலில் அங்கே போகட்டும். ஹைட்ரஜன் கார்களுக்காகச் செலவிடும் பணத்தில் ஊருக்கு ஊர் சார்ஜிங் நிலையங்கள் அமைக்க அரசு முன்வர வேண்டும்.

– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், திருச்சி.