சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் துணிக்கடை நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

முப்பது வருடமாகத் தீபாவளித் துணி உங்களிடம்தான் எடுக்கிறேன். போன மாதம் பேரனுக்கு வாங்கிய பனியன், முதல் துவைப்பிலேயே வாளித் தண்ணீரைக் கருநீலமாக்கிவிட்டது. அந்தத் தண்ணீரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 2003 முதல் கழிவுநீரைப் புதுநீராக்கும் ஊர் இது. பனியனுக்குச் சாயம் ஏற்றிய இடத்தில் ஓடிய தண்ணீர்தான் என்னை இந்த மடலை எழுத வைக்கிறது.

என் அம்மா பிறந்தது, தமிழ்நாட்டில் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில். பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. கிணறுகள் உப்பேறின. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத ஏற்பாடு இல்லை என்பதால், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பெரிய ஆலைகள் சவ்வு வடிகட்டிக்கும் ஆவியாக்கும் கொப்பரைக்கும் செலவழித்துத் தேறிவிடும். சுங்குடிச் சேலைக்குக் கையால் சாயம் போடும் சின்னப் பட்டறை என்ன செய்யும்?

அங்கேதான் முருங்கை விதைக்கு வேலை இருக்கிறது. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்க, பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்த வழக்கம் நம்முடையது. முருங்கை விதையும் அப்படித் தெளிய வைக்கும். அதிலுள்ள புரதம் நேர்மின்னேற்றம் கொண்டது. பருத்திக்குப் போடும் சாயங்கள் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஒட்டித் திரண்டு அடியில் படிந்துவிடும். சாயத்தை உறிஞ்சும் என்று சொல்லப்படும் வாழைப்பழத் தோலுக்கும் நெல் உமிக்கும் இந்தக் குணம் இல்லை. பள்ளி ஆய்வுகளில் அவை மெத்திலீன் நீலத்தை அழகாக உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நேர்மின்னேற்றச் சாயம், அதனால் பிடிக்கிறது. பருத்திச் சாயத்துக்கு அந்தத் தோலையே வேறு விதமாகப் பதப்படுத்த வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் ‘இயற்கை முறை’ என்று விற்பவர்களை நம்பாதீர்கள்.

முருங்கைக்கும் வரம்பு உண்டு. சாயத் தண்ணீர் காரத்தன்மை மிகுந்தது. முதலில் அதைத் தணிக்க வேண்டும். விதைச்சாறு அதிகமானால் தண்ணீரில் அழுகும் பொருள் கூடும். அடியில் படிந்த சேற்றைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பு அப்படியே இருக்கும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலேயே உப்புப் போடுகிறார்கள். நொய்யலைக் கெடுத்ததில் அதற்குப் பெரும் பங்கு. ஆகவே இது முதல்படி மட்டுமே. ஆனால் நிறம் முன்னதாகவே படிந்துவிட்டால், அடுத்து வரும் சவ்வுக்குச் சுமை குறையும்.

கரூர் மாவட்டத்தை எண்ணிப் பாருங்கள். சாயப்பட்டறைகள் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் அரவக்குறிச்சியின் முருங்கைத் தோட்டங்களும் இருக்கின்றன. சந்தைக்கு ஆகாத முற்றிய காயின் விதை அங்கேயே கிடைக்கும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த ஆர்டர் போடும்போது, விலை பேசுவதற்கு முன், சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்ததற்கான சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சின்னப் பட்டறையாக இருந்தால் கைவிட்டுவிடாதீர்கள். நாலைந்து கடைகள் சேர்ந்து, பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் துணையோடு அவர்கள் பட்டறையிலேயே ஒரு தொட்டியில் முருங்கை விதையைச் சோதித்துப் பார்க்கப் பணம் கொடுங்கள். கிடைக்கும் முடிவை, நல்லதோ கெட்டதோ, கடை வாசலில் ஒட்டுங்கள். படிக்க நான் வருவேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி