கதவோரம் நிற்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கடலில் காற்று பலம், வள்ளம் எதுவும் போகவில்லை. சின்னவள் பரீட்சை முடித்துவிட்டாள்.

டிவியில் வெள்ளத்துக்கு மேலே ஹெலிகாப்டரைக் காட்டும்போதெல்லாம் உன்னைப் போலக் கதவோரம் நின்று நிவாரண மூட்டை தள்ளுகிற ஆளைத்தான் பார்க்கிறேன். ஹெல்மெட் போட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சாயல். பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொள் அய்யா. மூட்டையைத் தள்ளுகிற வேகத்தில் ஈரத்தில் கால் வழுக்கும்.

போன வாரம் உச்சிப்புளியில் நம் தெருவுக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் தாழப் போனது. காயப்போட்ட நெத்திலி முழுக்க மண்ணில். கொட்டகைத் தட்டி பிய்ந்து வேலியில் கிடந்தது. வெள்ளத்தில் தகரக் கூரை மேல் ஏறி நிற்கிறவர்களுக்கு இந்தக் காற்று என்ன செய்யும் என்று உடனே நினைப்பு வந்தது. உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஏரல் சித்தி 2023 டிசம்பரை இன்னும் பேசுவாள். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள், மேலேயிருந்து போட்ட பொட்டலம்தான் சாப்பாடு. நம் ஊரில் இருக்கிற கடற்படையின் பருந்து விமானத் தளத்திலிருந்தும் போனார்கள். ஆனால் சித்தி தெருவில் ஓடிப் பிடித்த பையன்களுக்குத்தான் கிடைத்ததாம். பக்கத்து மாடியில் ஒரு கிழவி எழுந்திருக்க முடியாமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாளாம். அப்படிப்பட்ட மாடியைத் தேடிப் போடு தம்பி. அப்புறம், அடுப்பே தண்ணீருக்குள் கிடக்கும்போது பச்சரிசி எதற்கு? தூரம் கூடினால் ஹெலிகாப்டருக்கு எரிபொருள் அதிகம் வேண்டும், மூட்டை குறையும் என்று நீதானே சொன்னாய். அரிசிக்குப் பதிலாகக் குடிதண்ணீரும் பிரெட்டும் ஏற்றச் சொல்லி உன் மேலதிகாரியிடம் பேசு. கேட்பார்கள்.

1964-இல் தனுஷ்கோடியில் அண்ணனைப் பறிகொடுத்த அப்பத்தா, "என் பேரன் வானத்திலிருந்து சோறு போடுகிறான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கும் பெருமைதான். ஊருக்கெல்லாம் பொட்டலம் போடுகிறவன் பெற்றவளுக்கு ஒரு போன் போடமாட்டாயா?

அன்றைக்கு அப்பா "தரையில் ஒரு வேலைக்கு மாற்றிக் கேள்" என்று சத்தம் போட்டது உனக்கு வலித்திருக்கும். 2013-இல் கேதார்நாத்தில் ஆட்களை மீட்கப் போன ஹெலிகாப்டர் கௌரிகுண்டு பக்கம் விழுந்து 20 பேர் இறந்தார்களே, அதிலிருந்து அவருக்கு அந்தப் பயம். நீ வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாம், அடக்கி வைத்திருந்துவிட்டார். மாற்றல் கேட்கச் சொல்லி நான் எழுதவில்லை. பெல்ட்டை மட்டும் கட்டு.

எங்கே இருக்கிறாய் என்று சொல்லக்கூடாது என்றால் சொல்ல வேண்டாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அது போதும். ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு. போன் இப்போது அப்பாவின் தலைமாட்டில்தான் இருக்கிறது. அவர் எடுத்தால் வைத்துவிடாதே, இரண்டு வார்த்தை பேசு.

அம்மா