ஈரப் புத்தகத்தைக் காயவைத்த மதாமுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நேற்று மதியம் தபாலில் அப்பாவின் கொம்பத்தான் அட்டை, அதாவது போர்க்களத்தில் இருந்தவர்களுக்குப் பிரெஞ்சு அரசு தரும் அட்டை, வந்து சேர்ந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தார், கழற்றிவிட்டு ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புயலுக்குத் தப்பிய இரண்டு வாழைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். சமையலறையில் உட்கார்ந்து அழுதது நான்தான். அந்த ஈரம் காய்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கராண்ஸ் புயல் அடித்த அந்த வெள்ளிக்கிழமையையும் அதற்கப்புறம் நாங்கள் பட்டதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. ரெயூனியோன் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் உங்களில் பாதிப் பேர் அதே தண்ணீரில் நின்றவர்கள். மீதிப் பேர் புதுச்சேரியிலிருந்தும் பாரிசிலிருந்தும் ராத்திரி பகலாகப் போன் அடித்தவர்கள். நடந்தது உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: அப்பாவின் தகர டிரங்குப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது. அவருடைய ராணுவ லிவ்ரே, பட்டாளத்துப் பதிவுப் புத்தகம், அதில்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் தாத்தாவும் சொல்தா, அப்பாவும் சொல்தா. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்று அர்த்தம். அதோடு மாதம் பிறந்தால் பென்சன் வரும் வீடு என்றும் ஓர் அர்த்தம் உண்டு. எங்களுக்கு அந்த இரண்டாவது அர்த்தம் வாய்க்கவில்லை. அப்பா காலத்தில் பதினைந்து வருடம் இருந்தால்தான் பட்டாளத்துப் பென்சன். அப்பா ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் இறங்கி, இந்தத் தீவுக்கு வந்து, துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதியே காலத்தை ஓட்டிவிட்டார்.

கொம்பத்தான் அட்டை வேறு. வருடக் கணக்கு பார்த்துக் கொடுப்பதல்ல அது. போர்க்களத்தில் இருந்தாரா, எத்தனை நாள் இருந்தார் என்று பார்த்துக் கொடுப்பது. ஆனால் அப்பா அல்ஜீரியாவில் போய் இறங்கியது 1962 இலையுதிர் காலத்தில். அந்த ஜூலையிலேயே அல்ஜீரியா விடுதலை அடைந்துவிட்டது. "சண்டை முடிஞ்சப்புறம் போனவன் நான், எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்றே அறுபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அட்டை வைத்திருந்தவர்களின் சவப்பெட்டி மேல் மூவர்ணக் கொடி போர்த்தும்போது கடைசி வரிசையில் நிற்பார். ஒரு முறை நான் வற்புறுத்தி ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். எந்த அலுவலகம் என்பது இப்போது எதற்கு? அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவரும் அதையேதான் சொன்னார், தாளைப் பார்க்காமலே. அதற்கப்புறம் அப்பா இந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

புயலுக்குப் பிறகு மேரிக்கு (நகராட்சி அலுவலகத்துக்கு) போனதும் அட்டைக்காக அல்ல. கூரைத் தகரம் பற்றி விசாரிக்கப் போனோம். காலை ஏழு மணிக்கே வரிசை வாசல் தாண்டி நின்றது. எங்கள் முறை வந்தபோது பதினொன்றரை. சாப்பாட்டு நேரத்துக்கு மூடப் போகிறார்கள். மேசையில் இருந்த மதாமுக்கு ஓய்வு பெறும் வயது இருக்கும். நான் பையிலிருந்து தாள்களை எடுக்கும்போது லிவ்ரேவும் கூடவே வந்து விழுந்தது. ஊறிப்போய் அப்பளமாவு உருண்டை மாதிரி இருந்தது. பக்கங்களைப் பிரிக்கலாமா என்று நான் விரலை வைத்ததுதான், "தொடாதீர்கள்!" என்றார். அதட்டல்தான் அது, பயந்தே போனேன்.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு சமையலறைக் காகிதச் சுருளோடு வந்தார். எது தானாகப் பிரிகிறதோ அதை மட்டும் பிரித்து, நடுநடுவே ஒரு தாள் செருகினார். ஒட்டியதை ஒட்டியபடியே விட்டார். மேலே கனமில்லாத ஒரு பலகை வைத்தார். மின்விசிறியைப் புத்தகத்தின் மேல் திருப்பாமல் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். நேராகக் காற்றடித்தால் தாள் சுருங்கிக்கொள்ளுமாம். இதெல்லாம் அவருடைய சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமல் மேசை ஓரத்திலேயே இருந்தது. "இன்று வீட்டுக்குப் போங்கள். தாள் மாற்ற வேண்டும், நான் மாற்றுகிறேன். வியாழக்கிழமை வாருங்கள்" என்றார். ஒரு நாளைக்கு மூன்று தடவை மாற்றியதாகப் பிறகு பக்கத்து மேசைப் பையன் சொன்னான். வெளியே அவ்வளவு பெரிய வரிசை நிற்கும்போது!

வியாழக்கிழமை போனோம். பாதிப் பக்கங்களில் மை கரைந்து நீலக் கறையாகிவிட்டது. ஆனால் அப்பாவின் மத்ரிக்குல் எண், அதாவது பட்டாளத்துப் பதிவு எண், இருந்த பக்கம் பிழைத்துவிட்டது. அந்த எண்ணின் அருமை அப்போது எனக்குப் புரியவில்லை.

சிக்கல் அப்பாவின் பேரில் இருந்தது. அதில் ஒரு ழகரம் உண்டு. காரைக்காலில் பிறப்பைப் பதிந்த எழுத்தர் அதை ஜகரமாக எழுதிவிட்டார். பட்டாளத்தில் சேர்த்தவர் லகரமாக எழுதினார். இங்கே வந்தபோது எவரோ அந்த எழுத்தையே விழுங்கிவிட்டார். இது போதாதென்று, நமக்கெல்லாம் ஏது குடும்பப் பெயர்? ஒரு தாளில் தாத்தாவின் பேர் குடும்பப் பெயர், இன்னொன்றில் அப்பாவின் பேரே குடும்பப் பெயர். மூன்று தாளைப் பார்த்தால் மூன்று ஆள். எண் ஒன்றுதான் மாறாமல் இருந்தது.

மதாம் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து, "முசியே, இதில் எதுவுமே உங்கள் பேர் இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் அம்மா எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார்.

அப்பா சொன்னார். மதாம் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ழ வரவில்லை. "நாக்கை மடிக்கணும் மதாம்" என்று அப்பா வாயைத் திறந்து காட்டினார். மறுபடியும் வரவில்லை. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ ஏறக்குறைய வந்தது. அப்பா சிரித்துவிட்டார். புயலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மூன்று எழுத்துக்கூட்டலும் ஒரே ஆள்தான் என்று விளக்கி மதாமே ஒரு கடிதம் தட்டச்சு செய்தார். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, படைவீரர் ஆவணங்கள் இருக்கும் பிரான்சின் பொ நகரக் காப்பகத்துக்கு அப்பாவின் கையெழுத்தோடு அனுப்ப வைத்தார்.

அப்புறம், அப்பா அதே பழைய பாட்டைப் பாடினார்: சண்டை முடிந்த பிறகு போனவன். மதாம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "2019 ஜனவரியிலிருந்து விதி மாறிவிட்டது முசியே" என்றார். 1962 ஜூலைக்குப் பிறகும் 1964 ஜூலை 1 வரை அல்ஜீரியாவில் நான்கு மாதம் இருந்தவர்களுக்கு அட்டை உண்டாம். அப்பா அங்கே மெர்ஸ்-எல்-கெபிர் பிரெஞ்சுக் கடற்படைத் தளத்தில் இருந்தது பதினோரு மாதம். பொ நகரிலிருந்து வந்த தாளிலும் அப்படியே இருந்தது. ஆறு வருடத்துக்கும் மேலாக அவருக்கு இருந்த உரிமை, எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் சரியான இடத்தில் கேட்கவில்லை.

அட்டையோடு வரும் பணம் எவ்வளவு என்று சிலர் கேட்டீர்கள். 65 வயது தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 800 யூரோ. வரி கிடையாது. அப்பா காலத்துக்குப் பின் அம்மாவுக்கு இது தொடராது, அதையும் மதாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வீட்டு நிலைமை தலைகீழாக மாறிவிடப் போவதில்லை, கூரைக்கு வாங்கிய கடனில் கொஞ்சம் அடையும். அப்பா மதாமிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அப்ப எனக்கும் கொடி போடுவாங்களா?" அவர் "ஆமாம், அவசரப்படாதீர்கள்" என்றார்.

தன் பேரை எங்கும் எழுதக் கூடாது என்று மதாம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பரிசு எதுவும் வாங்கவில்லை. அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டிலை மட்டும் அரை மனதோடு எடுத்துக்கொண்டார். காலி பாட்டில் அடுத்த வாரமே கழுவித் திரும்பி வந்தது.

மற்றவர்களையும் சொல்லியாக வேண்டும். கோப்பை வாங்கி ஒழுங்காகப் பார்த்த, தீவின் தலைநகர் சேன்-தெனியின் போர்வீரர் அலுவலகத்தார், காரைக்காலில் பிறப்புச் சான்றுக்காக நான்கு நடை நடந்த தம்பி, தகரம் அடித்துக் கொடுத்த பக்கத்து வீட்டு மல்பார் பிள்ளைகள் (இந்தத் தீவிலேயே தலைமுறையாக வாழும் தமிழ் வம்சாவளியினர்; தமிழ் பேச வராது, ஆனால் மாரியம்மன் பாட்டு முழுசாக வரும்), பத்து நாள் சோறு போட்ட கோயில்காரர்கள், அரிசி அனுப்பிய அக்கா, ஜெனரேட்டர் தந்த அண்ணன், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. யார் பேரையாவது விட்டிருந்தால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள், காப்பி உண்டு.

வருகிற டிசம்பர் 5, அல்ஜீரியாவில் இறந்தவர்களுக்கான அஞ்சலி நாளன்று, அப்பா நினைவுச் சின்னத்துக்கு வருகிறாராம். கடைசி வரிசையில் நிற்க மாட்டேன் என்று இன்று காலை அவராகவே சொன்னார். சட்டை தேய்க்கும் வேலை எனக்கு.

இன்னொரு வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நம் ஆட்களில் இன்னும் எத்தனை வீட்டில் இப்படி ஒரு பெட்டி திறக்காமல் கிடக்கிறதோ. சனிக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். லிவ்ரேவோ பழைய தாளோ எதுவாக இருந்தாலும் எடுத்து வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிவம் எழுதலாம். ஈரமாக இருந்தால் மட்டும் பிரித்துப் பார்க்காமல் அப்படியே கொண்டு வாருங்கள்.