மறதி நோய் முதியோருக்குப் பகல் இல்லம்: மார்ச் 31-க்குள் ரூ. 4,75,000 வேண்டும்

காரைக்குடிப் பெரியோர்களுக்கும் கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கொப்புடைய நாயகி அம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறோம். மறதி நோய் கண்ட முதியோரைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள நாம் எடுத்த பழைய வீட்டில் வேலை பாதியில் நிற்கிறது. மார்ச் 31-க்குள் முடித்தால்தான் ஐந்தாண்டுக்கு வாடகையின்றித் தருவோம் என்று வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

இது கொடுத்துப் பழகிய ஊர். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1948-இல் இங்கே கால்கொண்டது. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாக்களில் விடிய விடிய அமர்ந்து கேட்ட சிறுவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரம்மா?" என்கிறார். கம்பன் பாட்டில் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் மீதியைப் பிசகாமல் சொல்கிறார். நேற்று நடந்தது போய்விடும், இளமையில் பதிந்தது நெடுநாள் தங்கும். பகல் இல்லத்தின் அன்றாடத்தை அதன்மேல்தான் அமைக்கிறோம்: பழம்பாட்டு, பல்லாங்குழி, கீரை ஆய்தல், பூக்கட்டுதல். சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கும் ஆச்சியிடம் வாதாடாமல், மோர் கொடுத்துப் பேச்சை மாற்றத் தெரிந்தவர்களையே வேலைக்கு அமர்த்துவோம். தைராய்டு கோளாறும் பி12 குறைவும்கூட மறதியை உண்டாக்கும், அவற்றைக் குணப்படுத்தலாம். ஆகவே மருத்துவர் பார்த்த பிறகே சேர்ப்போம்.

செலவு இது. இரண்டு குளியலறைகளில் கைப்பிடியும் உயரக் கழிப்பறையும் ரூ. 1,40,000. உயர்ந்த நிலைப்படிகளுக்குச் சாய்தளம் ரூ. 85,000. கிணற்றுக்கு மூடியும் பின்கட்டுச் சுவரும் ரூ. 1,10,000; பொழுது சாயும்போது "வீட்டுக்குப் போகிறேன்" என்று கிளம்பிவிடுபவர்களுக்கு இது உயிர்க்காவல். அழைத்துவரும் வேனுக்கு முன்பணம் ரூ. 1,40,000.

இதுவரை வந்த ரூ. 9,85,000 கூரைக்கும் மின்இணைப்புக்கும் தரைக்கும் செலவாகிவிட்டது. அதைத் தந்தவர்களுக்கு நன்றி சொல்லி முடியாது. மணிவிழாவை எளிமையாக நடத்தி மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்த தம்பதி, ஓய்வூதியத்தில் மாதந்தோறும் ரூ. 500 தரும் ஆசிரியை, கூலியில் பாதி போதும் என்ற கொத்தனார்கள், உண்டியலை உடைத்து எடுத்துவந்த பள்ளிப் பிள்ளைகள், தாயைப் பறிகொடுத்த பதினாறாம் நாளிலேயே பணம் அனுப்பிய சிங்கப்பூர்ச் சகோதரர்கள்: உங்கள் குடும்பங்கள் தழைக்க வேண்டும்.

இன்னும் தராதவர்களிடம் உரிமையோடு கேட்கிறோம். கோயில் திருப்பணி என்றால் உபயக் கல்லில் பெயர் பொறிக்க முந்துகிறோம். அடுத்த வீட்டில் மாமியாரை விட்டு நகர முடியாமல், ஒரு காதுகுத்துக்குக்கூடப் போக வழியில்லாமல் தவிக்கும் மருமகளைப் பார்த்தும் பாராமல் கடக்கிறோமே, இது நம் ஊருக்கு அடுக்குமா? பெற்றவர்களைப் பூட்டிய வீட்டில் வேலையாளிடம் விட்டுப் போயிருப்பவர்களுக்கு இதில் முதற்கடமை உண்டு.

பணமாகத் தர இயலாதவர்கள் அரிசி, மளிகை தரலாம், வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து முதியோருடன் உட்காரலாம். எவ்வளவு கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு ஞாயிறும் இல்லத்தின் முகப்பில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
பகல் இல்ல அமைப்புக் குழுவினர்