உறையைத் தண்ணீரில் போடாதே

அன்புள்ள மருமகனே,

பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது, ஸ்டாம்பையெல்லாம் ஊறவைத்துப் பிரிக்கப் போகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பக்கெட்டைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் இதைப் படி.

உன் வயதில் நானும் அதைத்தான் செய்தேன். லைப்சிக் நகரத்திலிருந்து என் அப்பாவுக்கு, அதாவது உன் தாத்தாவுக்கு, வந்த உறைகளில் ஏழெட்டை எடுத்து, மூலையைக் கத்தரித்து, ஸ்டாம்பை மட்டும் ஆல்பத்தில் ஒட்டினேன். அப்பா திட்டவில்லை. மூலை போன உறைகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தார். அந்தக் கட்டு பெட்டியின் அடியில் இருக்கும், எடுத்துப் பார்.

லைப்சிக் அப்போது கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. அந்த நாட்டில் 1955 முதல் 1983 வரை ஒரு வழக்கம் உண்டு. வெளியிடும் வரிசையில் ஒரு ஸ்டாம்பை மட்டும் வேண்டுமென்றே குறைவாக அச்சடிப்பார்கள். சேகரிப்பாளர் அட்டை வைத்திருந்த உள்ளூர்க்காரர்களுக்குத்தான் அது கிடைக்கும். அதனால் அப்பாவின் வரிசைகளில் எப்போதும் ஒன்று குறையும். லைப்சிக் நண்பர் தன் பங்குக்குக் கிடைத்த அந்த ஒன்றைக் கடித உறையின் மேலேயே ஒட்டி அனுப்பினார். பதிலுக்கு அப்பா அனுப்பியவற்றில் 1960-இல் வந்த திருவள்ளுவரும் உண்டு. முகம் பார்க்காமலே பதினைந்து வருஷம் இப்படி ஓடியது. நான் கத்தரித்தது அந்த உறைகளைத்தான். இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

மிச்சமிருக்கும் உறை ஒன்றைக் கையில் எடு. ஸ்டாம்பின் மேல் பாதியும் காகிதத்தின் மேல் பாதியுமாக முத்திரை விழுந்திருக்கும். கத்தரித்தால் ஊரோ தேதியோ போய்விடும். பின்பக்கம் திருப்பினால் நம்மூர் தபாலாபீசின் முத்திரை இருக்கலாம். இரண்டு தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிப் பார். விமானத் தபாலுக்கு ஒட்டும் நீலச் சீட்டில் 'பார் அவியோன்' (விமானம் வழியாக) என்று பிரெஞ்சில் இருக்கும். பெரும்பாலான நாட்டு உறைகளில் அதைப் பார்க்கலாம், ஏனென்றால் 1874-இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் மொழி பிரெஞ்சு. ஸ்டாம்பில் 'ஹெல்வெட்டியா' என்றிருந்தால் அட்லஸில் தேடாதே, அது சுவிட்சர்லாந்து. நாட்டின் பெயரே இல்லாமல் ராணி தலை மட்டும் இருந்தால் பிரிட்டன்.

ஏற்கெனவே மூலையாகக் கத்தரித்த துண்டுகளும் பெட்டியில் கிடக்கும். அவற்றைத் தாராளமாக ஊறவை. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் போதும். சிவப்பு, பச்சைக் காகிதத் துண்டுகளைத் தனியாகப் போடு, சாயம் இறங்கும். நகத்தால் சுரண்டாதே, தானாக நழுவும்போது எடுத்து, வெள்ளை ஒற்றுத்தாளில் முகம் கீழாகக் காயவிடு. ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் புது ஸ்டாம்புகள் பல தண்ணீருக்கு மசியாது, காகிதத்தோடே வைத்துக்கொள். பசை அழியாத புது ஸ்டாம்பை ஈரக் கையால் தொடாதே, இடுக்கி வாங்கித் தருகிறேன். மெட்ராஸ் புழுக்கத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெட்டியை மூடியே வைக்காமல் அவ்வப்போது நிழலில் திறந்து வை.

பொங்கலுக்கு வருகிறேன். அதுவரை முழு உறைகள் ஒன்றிலும் கத்தரி படவேண்டாம். இதன் இன்னொரு பிரதியை என்னிடமிருந்த பழைய காந்தி ஸ்டாம்ப் ஒட்டித் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன். வந்ததும் கிழிக்காதே, மேல் ஓரத்தை மட்டும் நறுக்கித் திற.

அன்புடன்,
மாமா